பத்தாயிரத்தை விடுங்கள், உங்கள் கணக்கில் ஆயிரம் கூட்டுங்கள்: ஸ்டெப் கவுன்ட்டர் வைத்து நடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். காலையில் பஸ், பகல் முழுக்க நாற்காலி, சாயங்காலம் மறுபடி பஸ். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.2 என்று வந்த அன்று டாக்டர், "நடக்கிறீங்களா?" என்று கேட்டார். "நாள் பூரா அலையறேனே சார்" என்றேன். "அலையறது நீங்களா, பஸ்ஸா?" என்றார்.

அன்று ராத்திரி போனை எடுத்து ஸ்டெப் கவுன்ட்டரைப் பார்த்தேன். நாள் முழுக்க 2,870 அடி, அதாவது ஸ்டெப். நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லும் கணக்குக்குப் பக்கத்தில்கூட இல்லை. சந்தேகமே இல்லை, பஸ்தான்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு விஷயமும் இல்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வில், நாட்டிலேயே சர்க்கரை நோய் மிக அதிகமாக இருந்தது கோவாவிலும் புதுச்சேரியிலும்தான். புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு, அதாவது நாலில் ஒருவருக்கு மேல். அந்த ராத்திரியிலிருந்து ஒன்றரை வருஷமாக நான் அடி எண்ணுகிறேன். செய்த தவறுகளை எல்லாம் கழித்துவிட்டு, இன்று புதிதாகத் தொடங்கினால் எந்த வரிசையில் செய்வேனோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. கருவி: கையில் இருப்பதே போதும், ஆனால் அது உங்கள் உடம்போடு இருக்கிறதா?

போன், கைப்பட்டை அல்லது வாட்ச், இடுப்பில் மாட்டும் சின்ன நடைமானி. இந்த மூன்றில் ஒன்று. எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது அசைவை உணரும் ஒரு சில்லுதான். ஒவ்வொரு முறை பாதம் தரையில் படும்போதும் உடம்பு ஒரு குலுங்கு குலுங்குகிறது. அந்தக் குலுக்கல் ஒரே தாளத்தில் தொடர்ந்து வந்தால் அதை நடை என்று எடுத்துக்கொள்கிறது.

செலவில்லாதது போன். ஐபோனில் ஹெல்த் ஆப் தானாகவே எண்ணிக்கொண்டிருக்கும். சாம்சங்கில் சாம்சங் ஹெல்த். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் எந்த ஆப் போட்டாலும் 'உடல் செயல்பாடு' என்று ஓர் அனுமதி கேட்கும். அதை மறுத்திருந்தால் எண்ணாது. பேட்டரி சேவர் போட்டிருந்தாலும் பல போன்களில் ஆப் பாதியில் தூங்கிவிடும். "எனக்கு மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்பவர்கள் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

போனில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: அது ஆண்களின் பேன்ட் பாக்கெட்டை நம்பிப் பிழைக்கிறது. வீட்டுக்கு வந்து லுங்கி கட்டியதும் என் போன் சார்ஜருக்குப் போய்விடும். புடவைக்கும் நைட்டிக்கும் பாக்கெட்டே கிடையாது. என் மனைவியின் போன் நாள் பூரா ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்கும். அது காட்டிய கணக்கு 640 அடி. சுமார் ரூ.2,000-க்கு ஒரு கைப்பட்டை வாங்கிக் கட்டியதும் அதே வீட்டில், அதே வேலையில், 5,900. 'வீட்டுல சும்மாதானே இருக்க' என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை; நினைத்ததுண்டு. அந்த நினைப்புக்கும் அன்றோடு முற்றுப்புள்ளி.

ஆகவே வெளியில் வேலை, எப்போதும் போன் பாக்கெட்டில் என்றால் போன் போதும். வீட்டில் நடமாட்டம் அதிகம் என்றால் கைப்பட்டையோ இடுப்பில் மாட்டுவதோ வேண்டும். எதுவானாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவி வைத்திருப்பவன் எப்போதும் அதிகம் காட்டுவதைத்தான் நம்புவான்.

2. நூறு அடிச் சோதனை

மொட்டை மாடிக்குப் போங்கள். திரையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணி நூறு அடி நடங்கள். நின்று அரை நிமிஷம் கழித்துப் பாருங்கள் (சில கருவிகள் தாமதமாகத்தான் ஏற்றும்). 95-க்கும் 105-க்கும் நடுவில் காட்டினால் நல்ல கருவி. 80, 120 என்று வந்தால் இன்னொரு முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அதே 80 வந்தாலும் பரவாயில்லை. தினமும் ஒரே அளவு தப்பு செய்கிற தராசை வைத்து வியாபாரம் பண்ணலாம். ஒரு நாள் 80, மறுநாள் 130 காட்டுவதுதான் உதவாது.

எங்கே தப்பும் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கை ஆடாவிட்டால் கைப்பட்டை குறைத்து எண்ணும். பெரிய மார்க்கெட்டில் இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு நடந்தால், குழந்தை வண்டி தள்ளினால், குடை பிடித்தால் அடி காணாமல் போகும். அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே வைக்கும் நாலு அடியைப் பல கருவிகள் கண்டுகொள்வதில்லை. தொடர்ந்து பத்துப் பதினைந்து அடியாவது வந்தால்தான் நடை என்று ஒப்புக்கொள்ளும். மிக மெதுவாக, காலைத் தேய்த்து நடக்கும் வயதானவர்களுக்கும் குறைத்துத்தான் காட்டும்.

கூட்டி எண்ணுவதும் உண்டு. குண்டும் குழியுமான ரோட்டில் பைக், சப்பாத்தி மாவு பிசைவது, கைதட்டுவது. எங்கள் சித்தி ஒரு பஜனையில் உட்கார்ந்த இடத்திலேயே 400 அடி நடந்திருக்கிறார்.

3. முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறோம். கருவி வாங்கிய அன்றே கடலூர் சில்வர் பீச்சுக்கு ஓடுகிறோம். வேண்டாம். ஒரு வாரம் வழக்கம்போல இருங்கள். தூங்கப் போகும் முன் அன்றைய எண்ணை மாதக் காலண்டர் கட்டத்தில் எழுதுங்கள். தினசரி காலண்டரில் எழுதினால் காலையில் யாராவது கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

என் முதல் வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை: 2,870, 3,240, 3,610, 2,950, 3,480, 4,100, 1,450. கூட்டினால் 21,700. ஏழால் வகுத்தால் 3,100. அதுதான் என் தொடக்கப் புள்ளி. ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. 'லீவு நாள்ல நிறைய வேலை பார்க்கிறேன்' என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

4. பத்தாயிரம் எங்கிருந்து வந்தது

1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்தது. அதன் சூட்டோடு 1965-ல் ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. பெயர் 'மான்போ-கேய்'. மான் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கேய் என்றால் மானி. மருத்துவ ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த எல்லைக்கோடு அல்ல. விற்பதற்கு வைத்த பெயர். நம் வாட்ச்சுகள் பலவற்றில் இன்றும் தொடக்க இலக்காக அதுவே இருக்கிறது.

பின்னால் வந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. 2019-ல் சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 அமெரிக்கப் பெண்களை வைத்து வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களில் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. 2022-ல் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடியிலும் பலன் நின்றுவிட்டது; அதற்கு மேல் நடந்தாலும் பெரிதாகக் கூடவில்லை.

அதாவது ஆதாயம் அதிகம் இருப்பது அடிமட்டத்தில். 3,000-லிருந்து 5,000-க்கு வருபவருக்குக் கிடைப்பது, 10,000-லிருந்து 12,000-க்குப் போகிறவருக்குக் கிடைப்பதைவிடப் பெரிது. முதல் நாளே பத்தாயிரத்தைப் பார்த்து மிரண்டு வாட்ச்சைக் கழற்றி வைக்கிறவர்களிடம் இதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

5. இலக்கு: சராசரியோடு ஆயிரம்

உங்கள் முதல் வாரச் சராசரியை எடுங்கள். ஆயிரம் கூட்டுங்கள். இரண்டு வாரம் அதிலேயே இருங்கள். வாரச் சராசரி அந்த எண்ணைத் தொட்டால் இன்னொரு ஆயிரம். தொடவில்லை என்றால் அதே இலக்கு, இன்னும் இரண்டு வாரம். முட்டி வலியோ வயதோ இருந்தால் ஆயிரத்துக்குப் பதில் ஐந்நூறு. என் கணக்கு 4,100, 5,100, 6,100, 7,100 என்று ஏறியது. காகிதத்தில் அது எட்டு வாரம். எனக்கு ஐந்து மாதம் பிடித்தது, நடுவில் ஐப்பசி வந்துவிட்டதால்.

இலக்கு என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சமரசம் வேண்டாம். நடைமானி பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கட்டுரைப்படி, நடைமானி கட்டிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நாளுக்குச் சுமார் 2,500 அடி கூடுதலாக நடந்தார்கள். இலக்கு வைத்துக்கொள்ளாதவர்களிடம் அந்த உயர்வு அவ்வளவாக இல்லை. சும்மா கட்டிக்கொண்டால் அது மணி காட்டும், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது வாரச் சராசரியை. ஒரே நாளில் வாரி எடுக்க நினைத்து நான் பட்ட பாடு: சராசரி 4,000-ல் இருந்தபோது பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனேன். 14 கிலோமீட்டர். வாட்ச்சில் 21,000-க்கு மேல். அந்த வாரச் சராசரி ஜொலித்தது. உள்ளங்காலில் கொப்புளம், மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே 800, 900. கிரிவலம் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பே அடியை ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

6. அந்த ஆயிரத்தை எங்கே தேடுவது

'தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து வாக்கிங்' என்பது பலருக்கு மூன்று நாள் திட்டம். ஏற்கனவே போகிற வழியில் அடியை நுழைப்பதுதான் நிற்கிறது.

எனக்குப் பலித்தது பஸ் சீட். மஞ்சக்குப்பம் தபால் நிலைய நிறுத்தத்தில் ஏறினால் புதுச்சேரி வரை நிற்க வேண்டியதுதான். பஸ் புறப்படுவது திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில். கெடிலம் பாலத்தைத் தாண்டி அங்கே நடந்தே போய் ஏறினால் ஜன்னலோர சீட். எனக்கு அது 2,300 அடி. உடம்புக்காக நடந்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில் சீட்டுக்காகத்தான் நடந்தேன். எந்தக் காரணமானாலும் கவுன்ட்டர் எண்ணிவிடும்.

திரும்பும்போது ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது இன்னொரு வழி. போன் பேசும்போது உட்காராமல் இருப்பது இன்னொன்று. மாமாவிடம் பேசினால் ஒரு அழைப்புக்கே 1,500 அடி கிடைக்கும், அவர் அப்படிப் பேசுவார்.

சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடப்பதற்குத் தனி இடம் கொடுங்கள். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை அந்த நேரத்து நடை மட்டுப்படுத்துகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் இருக்கும் தெருவை நிழல் பக்கமாகவே ஒரு சுற்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் ஒரு பத்து நிமிஷம். இரண்டும் சேர்ந்தால் 2,000 அடி தாராளமாக வரும்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கடற்கரைச் சாலை போல ஒரு வசதி வேறு ஊரில் சுலபத்தில் கிடைக்காது. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் வராது. டூப்ளே சிலையிலிருந்து வடக்கு முனை வரை சுமார் ஒன்றரை கிலோமீட்டர். போய்த் திரும்பினால் என் காலுக்கு 4,500 அடி. சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும் போகாதீர்கள். காந்தி சிலையருகே செல்ஃபி எடுப்பவர்களைச் சுற்றிச் சுற்றி நடப்பதும் அடிதான் என்றாலும், பிறகு எழும் எரிச்சலில் ரத்த அழுத்தம் ஏறும். வெயில் வேளையில் தாவரவியல் பூங்கா. 1826-ல் தொடங்கிய தோட்டம், மர நிழலுக்குக் குறைவில்லை. ஞாயிறு சந்தையில் நடந்தால் அடி எக்கச்சக்கமாக ஏறும், பர்ஸ் இறங்கும்.

கடலூர்க்காரர்களுக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச். மணலில் நடப்பது கடினம். அதே ஆயிரம் அடிக்குக் கூடுதல் உழைப்பு, குறைந்த தூரம். ஆனால் கருவிக்கு ஆயிரம் ஆயிரம்தான். அலை ஓரச் சரிவில் ஒரே திசையில் நீண்ட நேரம் நடந்தால் ஒரு பக்க முட்டி வலிக்கும். போன தூரம் திரும்பியும் அதே ஓரமாக வாருங்கள். பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதற்கு எத்தனை அடி என்று ஒருமுறை எண்ணி வைத்துக்கொண்டால் பிரதோஷம் அன்று கணக்கு சுலபம்.

7. எண்ணிக்கை ஏறிய பிறகு வேகம்

5,000, 6,000 வழக்கமாகிவிட்ட பிறகு பாருங்கள்; அதற்கு முன் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நிமிஷத்துக்குச் சுமார் 100 அடி என்பது பெரியவர்களுக்கு மிதமான உழைப்பு என்று கொள்ளப்படுகிறது. கடிகாரத்தைப் பார்த்து பத்து நொடி எண்ணுங்கள். 17 அடி வந்தால் சரி. அந்த வேகத்தில் பேச முடியும், பாட முடியாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் இந்த அளவு உழைப்பைக் கேட்கிறது. தினமும் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்தால் நாளுக்கு 3,000 வேக அடி. மொத்தமும் ஒரே மூச்சில் வேண்டியதில்லை.

அடியைத் தூரமாக மாற்ற ஆசையிருந்தால், அளவு தெரிந்த ஓடுபாதையில் ஒரு சுற்று நடந்து எண்ணுங்கள். 400 மீட்டர் எனக்கு 600 அடி. ஆக ஒரு அடி 66 சென்டிமீட்டர் சொச்சம், கிலோமீட்டருக்கு 1,500 அடி. ஆப்பில் உயரத்தைத் தப்பாகப் போட்டிருந்தால் தூரமும் தப்பாகத்தான் வரும்; நான் முதல் மாதம் முழுக்க ஆறடி ஆளாக நடந்திருக்கிறேன்.

கலோரி எண்ணை நம்பி வடை சாப்பிடாதீர்கள். என் எடையில் ஆயிரம் அடிக்கு 30 முதல் 40 கலோரி போகும். ஒரு மெதுவடை அதைப்போல மூன்று மடங்கு வாங்கிக்கொண்டு வரும். நடந்து முடித்து டீக்கடையில் நிற்கும் நம் ஊர் வாக்கிங் குழுக்களைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் நண்பர்களை இழப்பேன்.

8. வெயில், மழை, இருட்டு, நாய்

கடலோர ஊரில் சூட்டைவிட வேர்வைதான் ஆளைக் கொல்லும். கத்திரி நாட்களில் காலை ஏழு மணிக்கே காற்று புழுங்கும். மார்ச் முதல் ஜூன் வரை இலக்கை ஏற்றாமல் அப்படியே வைத்திருப்பதில் தவறில்லை. கிளம்பும் முன் தண்ணீர், வந்ததும் மோர்.

ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் தெருவே ஓடையாக இருக்கும். சாக்கடை மூடிகள் எங்கே திறந்திருக்கும் என்று தெரியாத தண்ணீரில் அடி எண்ணப் போக வேண்டாம். வீட்டுக்குள் கூடத்திலிருந்து கொல்லை வரை நடந்தால் எனக்கு 22 அடி. ஐம்பது தடவை போனால் 1,100. அலுப்புதான். கிரிக்கெட் மேட்ச் ஓடும்போது செய்தால் ஓரளவு தெரியாது.

இருட்டில் நடப்பவர்கள் வெளிர் நிறச் சட்டை போடுங்கள், வண்டியைப் பார்த்தவாறு எதிர்ப்பக்கம் நடங்கள். நாய் குரைத்தால் ஓடாதீர்கள். அந்த நேரத்தில் எத்தனை அடி ஏறியது என்றும் பார்க்காதீர்கள்.

9. யார் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்

நெஞ்சு வலி, நடந்தால் மூச்சிரைப்பு, தலைசுற்றல் இருப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள் கேட்காமல் இலக்கை ஏற்றக் கூடாது. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ வந்தால் அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள். 'இன்னும் இருநூறு அடிதான்' என்ற நினைப்பு அப்போது வரக் கூடாது.

இன்சுலின் அல்லது சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நடை போக வேண்டாம். பாக்கெட்டில் குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ இருக்கட்டும். கை நடுங்கி, வேர்த்து, பசி கிள்ளினால் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் காலைப் பற்றி இரண்டு வார்த்தை. மரத்துப்போன பாதத்துக்குக் கொப்புளம் வந்தது தெரியாது. வெறுங்காலில் மணலிலும், உச்சி வெயிலில் கோயில் கல் தளத்திலும் நடக்க வேண்டாம். ரப்பர் செருப்பில் ஆயிரக்கணக்கில் நடக்க வேண்டாம். விரலை நெருக்காத ஷூ, பருத்தி சாக்ஸ். ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ, வீட்டில் யாரையாவது கேட்டோ பாருங்கள்.

10. கணக்கு பொய் சொல்லும் இடங்கள்

சைக்கிள் மிதிப்பவருக்கும் நீச்சல் அடிப்பவருக்கும் இந்தக் கருவி அநியாயம் செய்யும். அன்றைக்கு அடி குறைந்தால் காலண்டரில் 'சைக்கிள், 40 நிமிஷம்' என்று எழுதிக்கொள்ளுங்கள். தசைக்கான பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். அதையும் நடை ஈடு செய்யாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இவை போதும் தொடங்க.

காய்ச்சல், கல்யாணம், ஊர்ப் பயணம் என்று ஒரு வாரம் விழுந்துவிட்டால் பழைய இலக்கிலேயே மறுபடி குதிக்காதீர்கள். ஒரு படி கீழே இறங்கி ஏறுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது மாதச் சராசரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். என்னுடையது இப்போது 7,400. சர்க்கரை 5.8. அரிசியையும் குறைத்தேன் என்பதால் நடைக்கு முழுப் பெயரையும் கொடுக்க மாட்டேன்.

அம்மாவுக்கு 71 வயது. கைப்பட்டை வாங்கித் தந்தேன். "விலங்கு மாதிரி இருக்குடா" என்று இரண்டாம் நாளே கழற்றிவிட்டார். மொட்டை மாடியில் அவருடைய ஒரு சுற்று 85 அடி என்று எண்ணிச் சொன்னேன். மறுநாள் முதல் பிடிச்சுவரின் மேல் இரண்டு கிண்ணம் வைத்தார். சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்குப் போகும். போன தையில் 20 கொட்டை. ஆடி வந்தபோது 34. என் வாட்ச் சார்ஜ் தீர்ந்து கிடக்கிற நாட்களில் நானும் அந்தக் கிண்ணத்தில்தான் போடுகிறேன். என் கொட்டையை அவர் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக எனக்கு மட்டும் வேப்பங்கொட்டை.